முப்பத்தெட்டுக் கட்டங்கள்

‘ஏதுமில்லை’ என்று எழுதியது நான்தான். யாரையும் கேட்காமல் எழுதினேன்.

காலையிலிருந்து இந்த இரண்டு வாக்கியங்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வரை வந்தன. அங்கே நின்றுவிட்டன.

எதிர்ச்சுவரில் பெரிய திரை. மருத்துவமனையின் ஆறு கிளைகளிலும் ஓடும் மென்பொருள்கள் அத்தனையும் அதில் கட்டம் கட்டமாக இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றை நம்பி இன்னொன்று இருந்தால் நடுவே ஒரு கோடு.

நடுவில் கோடுகள் பின்னிக் கிடந்தன. வலது ஓரத்தில் முப்பத்தெட்டுக் கட்டங்கள் மட்டும் ஒரு கோடும் இல்லாமல், சிவப்பாக.

யாருக்கும் வேண்டாதவை. வரைபடம் அப்படித்தான் சொன்னது.

வரைபடத்துக்கு அதைச் சொன்னவள் அவள்.

மார்ச்சில் ஆடிட் வருவதாக இருந்தது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கேள்விக்கு அவள் பதில் நிரப்ப வேண்டும்: இதை நம்பியிருப்பவை எவை? காலியாக விட்டால் திரையின் மேலே, நிரம்பியவற்றின் விழுக்காடு ஏறாது. துறைகளுக்கு மூன்று முறை மெயில் அனுப்பினாள். முப்பத்தெட்டுக்குப் பதில் இல்லை.

ஒரு மதியம், டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள், முப்பத்தெட்டிலும் ‘ஏதுமில்லை’ என்ற ஒரே சொல்லை ஒட்டினாள்.

நான்கு நிமிடம் ஆனது.

விழுக்காடு நூறைத் தொட்டது. கைதட்டினார்கள். வரைபடத்தை அச்சடித்து லிஃப்ட் அருகே மாட்டினார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் அவள் போனைப் பார்த்துக்கொள்வாள்.

திரையில் வந்துவிட்டதை யாரும் சந்தேகிப்பதில்லை. இரண்டு மாதத்தில் அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

இன்று அந்த முப்பத்தெட்டையும் நிறுத்தப்போகிறார்கள். அவை ஓடும் பழைய சர்வர் அறை, ஸ்கேன் அறையாக மாறுகிறது. கட்டத்தைக் கடைசியாகச் சரிபார்த்தவர் ஒப்புதல் பட்டனை அழுத்தினால்தான் நிறுத்த முடியும். அவர் பெயர் கட்டத்தின் அடியிலேயே இருக்கும்.

முப்பத்தெட்டிலும் அவள் பெயர்.

“ஏனுங்க மேடம், பாம்பைப் பாத்த மாதிரி பட்டனைப் பாக்கறீங்க?” கணினித் துறைத் தலைவர் கனகசபாபதி சிரித்தார். “கொத்தாதுங்க. அழுத்துங்க.”

மேசை நடுவில் ஸ்பீக்கர் போன். மறுமுனையில், சர்வர் அறையில், வயர்களைப் பிடுங்க ஆட்கள் காத்திருந்தார்கள். “நாங்க ரெடிங்க சார்,” என்றது ஒரு குரல்.

அவள் மவுஸில் கை வைத்தாள்.

எட்டரை மணிக்கு அவள் ஒரே ஓர் எண்ணுக்குப் பேசியிருந்தாள். ‘புது ரிப்போர்ட் பழசு’ என்று எவரோ அந்த முப்பத்தெட்டில் ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். நான்காவது கிளை, டயாலிசிஸ் வார்டு. சிரிக்க வைக்கும் பெயர் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். பயம் குறையும் என்று.

போனை எடுத்த நர்ஸ் அவசரத்தில் இருந்தாள்.

“அதுங்களா? லேப்ல யாருக்காச்சும் பொட்டாசியம் எகிறிப் போச்சுன்னா அதுதானுங்க இங்க கத்தும். பொட்டாசியம் ஏறுனா நெஞ்சே நின்னுருங்க. அது கத்தலீன்னா எங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

மற்ற எண்களுக்கும் பேச நேரம் இருந்தது. விரல் போகவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு வருட வேலை. ஒருநாளும் யாரும் அவளைப் பொய் சொல்கிறவள் என்று சொன்னதில்லை.

“சார்.” குரல் அவளுடையது போல இல்லை. “இதுல ஒண்ணை மட்டும் எடுத்துரலாமா? டயாலிசிஸ்ல இன்னும் பயன்படுத்தறாங்க.”

எப்படி விட்டுப்போச்சு என்று கேட்பார். கேட்டால் எல்லாம் கொட்டிவிடும். காத்திருந்தாள்.

அவர் கேட்கவில்லை.

“ஒண்ணுதானுங்களே? எடுத்துருங்க. நானூறுல ஒண்ணு முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். அதுக்கா இந்த முழி முழிச்சீங்க?” போன் பக்கம் குனிந்தார். “தம்பி, ஒண்ணை விட்டுருங்க. மத்த முப்பத்தேழும் இப்ப வந்துரும்.”

அதைப் பட்டியலிலிருந்து எடுத்தாள்; திரையில் ஒரு சிவப்புக் கட்டம் பச்சையானது.

அவ்வளவுதான். இத்தனை சுலபம்.

தோள்கள் தானாகத் தளர்ந்தன. பசித்தது. காலையில் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. இனி ஒரே ஓர் அழுத்தல். யாருக்கும் தெரியாது.

அந்த நிம்மதி எவ்வளவு இனிக்கிறது என்பதை உணர்ந்தபோது, காலையிலிருந்து இல்லாத ஒரு பயம் வந்தது. அவளைப் பற்றிய பயம்.

முப்பத்தேழு.

எது எந்த வார்டில் கத்துகிறது, எந்தக் கட்டிலுக்காகக் கத்துகிறது, அவளுக்குத் தெரியாது. இந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

“மேடம்?”

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாட்டேன் சார்.”

அவருடைய சிரிப்பு முகத்திலேயே மிச்சமிருந்தது. அதை எடுக்க அவர் மறந்திருந்தார்.

“என்னங்க சொல்றீங்க?”

ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். கனகசபாபதி மெல்லக் கையை நீட்டி, போனை அணைக்கப் போனார்.

“அணைக்காதீங்க சார்,” என்றாள். “அவங்களும் கேக்கட்டும்.”