யாரும் வைக்காத உருவம்

வேம்பாரில் அல்போன்சா கட்டிய சின்ன வீட்டுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுத்தவள் ஜெபசுதா. வேலை முடிந்த அன்று அல்போன்சா கேட்டது ஒன்றுதான்.

"ஏளா, இந்த வீட்ட யாருக்கும் காட்டிராத. எம் புருசன் தேடிட்டே இருக்கான். கண்டுட்டாம்னா கொன்னுருவான்."

ஜெபசுதா தான் கணினியில் வரைந்த வீட்டுப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டாள். பெயரும் இல்லை, ஊரும் இல்லை, தப்பில்லை என்று நினைத்தாள். படத்தில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அவள் ஒட்டியிருந்த நிஜப் புகைப்படத்தில் வேம்பார் மாதா கோயில் கோபுரம் தெரிந்ததை மறுநாள்தான் கவனித்தாள். உடனே நீக்கினாள்.

பிறகு கணினியில் மூலப் படத்தைத் திறந்தாள். வாசல் கேட்டருகே ஓர் ஆண் நின்றான். அறையின் உயரம் புரிவதற்காக இப்படி மனித உருவங்களை வைப்பது வழக்கம். இதில் அவள் யாரையும் வைக்கவில்லை. அழித்தாள். படத்தை மூடித் திறந்தபோது அவன் ஹாலில் நின்றான். மறுபடியும் அழித்தாள். சமையலறை வாசலுக்கு வந்திருந்தான்.

அல்போன்சாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, எங்க இருக்கீய?"

"அடுப்படியில மீன் பொரிக்கேன். என்னளா, அழுதியா?"

"பின்கதவு வழியா வெளிய போயிருங்க அக்கா. உங்க வீட்ட நான் ஊருக்கே காட்டிட்டேன். இப்பமே போங்க!"

"முன்வாசல் பூட்டித்தான் கெடக்கு. நான் மட்டுந்தான் இருக்கேன். ஒனக்கு மண்ட கொழம்பிட்டா?"

படத்தில் இப்போது அடுப்பின் முன்னால் ஒரு பெண்ணும் நின்றாள். போனைக் காதில் வைத்திருந்தாள். ஜெபசுதா திறந்தபடி வரைந்திருந்த பின்கதவு சாத்தியிருந்தது.