ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழி

"ஐயோ... உயிர் போகுதே!"

பின் சீட்டில் போர்வைக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டதும் லிஃப்ட் மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இருநூறு மீட்டரில் வலது புறம் திரும்பவும்" என்றது முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜி.பி.எஸ். பெட்டி.

"நேராகச் செல்லவும்" என்றது பக்கத்து சீட்டில் இருந்த மைத்துனனின் கைபேசி.

"வலதுதான்" என்றார் மெக்கானிக். "இது இதுக்குன்னே செஞ்ச மிஷின், மச்சான். நெட் வேணாம், சிக்னல் வேணாம். வழி சொல்றதைத் தவிர வேற வேலை கிடையாது அதுக்கு."

"அத்தான், அதுல இருக்கிற மேப் அரதப் பழசு. நாம இப்ப குளத்துக்குள்ள ஓட்டிட்டுப் போறோம்னு காட்டுது, நல்லாப் பாருங்க!"

திரையில் கார் அம்பு நீலத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது நிஜம்தான். கார் போய்க்கொண்டிருந்ததோ புத்தம் புது மேம்பாலத்தில். மெக்கானிக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ராப்பகலாக ஆம்புலன்ஸ் சத்தம் தூங்க விடுவதில்லை என்பதைத் தவிர அந்த வட்டாரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரி முகவரி சட்டைப்பையில் கசங்கிக் கிடந்தது.

"அம்மாடி... இடுப்பு... இடுப்பு!"

"சண்டை வேணாம்" என்றான் மைத்துனன். "ஒரு முக்குக்கு உங்க பெட்டி, அடுத்த முக்குக்கு என் போன். மாத்தி மாத்திக் கேப்போம்."

மெக்கானிக்குக்கு அது நியாயமாகப் பட்டது. அங்கேதான் பிடித்தது சனி.

பெட்டி வலது என்றது, திரும்பினார்கள். போன் வந்த வழியே போகச் சொன்னது, திரும்பினார்கள். ஒரே செருப்புக் கடையை நாலு தடவை கடந்தார்கள். நாலாவது தடவை கடைக்காரர் கையசைத்தார்.

நடுவில் கைபேசி மூன்று முறை ஒலித்தது. "வழி மறையுது" என்று யாரென்றுகூடப் பார்க்காமல் துண்டித்தான் மைத்துனன்.

"உங்க பெட்டியா இருந்தா இந்தத் தொல்லை இல்லதான்" என்று ஒத்துக்கொள்ளவும் செய்தான். மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது. தன் போனை வீட்டு மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். ஒரு காரில் ஒரு மிஷின் பேசினால் போதும் என்பது அவர் கட்சி.

மூன்று மணி நேரம் ஆயிற்று. பின் சீட்டு முனகல் மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில், "ஏம்ப்பா, எங்கேயாச்சும் நிறுத்தி ஒரு டீ குடிக்கலாமா?" என்றது.

"வாயை மூடிக்கிட்டு வலியில இருங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். மூன்று மணி நேரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒருவழியாகப் பெட்டியும் போனும் சேர்ந்தாற்போல் "சேருமிடம் வந்துவிட்டது" என்றன. ஆஸ்பத்திரி வாசலில் கார் கிறீச்சிட்டு நின்றது. "பிரசவ கேஸ்!" என்று மைத்துனன் கத்த, இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சருடன் ஓடி வந்தார்கள். பின்னாலேயே நர்ஸும் வந்து போர்வையை விலக்கினாள்.

உள்ளே நரைத்த மீசையுடன் மெக்கானிக்கின் மாமனார் படுத்திருந்தார். வயிற்றில் ஒரு தலையணை கட்டியிருந்தது.

"என்ன இது?" என்றாள் நர்ஸ்.

"ஒத்திகைம்மா" என்று எழுந்து உட்கார்ந்தார் மாமனார். ஆபீஸ் நாடகங்களில் முப்பது வருஷம் நடித்தவர். "என் பொண்ணுக்கு டாக்டர் குடுத்த தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அன்னிக்குப் பெட்டியை நம்புறதா, போனை நம்புறதான்னு முன்கூட்டியே முடிவு பண்ணிடலாம்னு... வலி இயல்பா இருந்துச்சா?"

நர்ஸ் காருக்குள் தலையை நீட்டினாள். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பெட்டியையும், மைத்துனன் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலையில எட்டு மணிக்குக் கிளம்பின மூணு பேர் நீங்கதானா? சீக்கிரம் ரெண்டாவது மாடிக்குப் போங்க!"

மெக்கானிக் வாழ்நாளெல்லாம் லிஃப்ட்டைப் பழுதுபார்த்தவர். அன்று அதற்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினார்.

கட்டிலில் அவர் மனைவி களைப்போடு சாய்ந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணிச் சுருளுக்குள், பிறந்து அரை மணி நேரமே ஆன பெண் குழந்தை கொட்டாவி விட்டது. மெக்கானிக் கட்டிலருகே உட்கார்ந்தார். குழந்தையின் விரலைத் தொட்டார், மனைவியின் நெற்றியைத் தொட்டார், தேம்பித் தேம்பி அழுதார்.

"நீங்க கிளம்பின அஞ்சாவது நிமிஷம் வலி வந்துடுச்சு" என்றாள் அவள்.

மாமனார் தலையணையை அவிழ்க்க மறந்து பேத்தியைக் கொஞ்சினார். மைத்துனன் மட்டும் கட்டிலருகே குனிந்தான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. பெட்டியும் இல்லாம, போன்லயும் பாக்காம, யார் வண்டியில எந்த வழியா வந்தே?"

மெக்கானிக்கும் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நம்ம பின்வாசலைத் திறந்து, சந்துல நாலு எட்டு நடந்து வந்தேன்டா!"