கோமதி இல்லாத வாரம்

ஜெர்மனியில் சம்பளத்தோடு மூன்று வருடம் டிராம் ஓட்டப் பழகிய கோமதிக்குக் கடைசித் தேர்வு, ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் அறைக்குள்ளேயே இருப்பதுதான். அவளை எங்கே காணோம் என்று அந்த ஜெர்மன் ஊர்க்காரர்கள் நூறு பேராவது தாங்களாகவே விசாரிக்க வேண்டும். விசாரித்தால் அங்கேயே வேலை, நிரந்தரமாக வாழ அனுமதி. இல்லையென்றால் அடுத்த விமானத்தில் ஊர். எத்தனை பேர் கேட்டார்கள் என்று கடைசி நாள் வரை சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் நாள் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். ஆவுடையப்பன் சங்கரன்கோவிலில் டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

"எனக்கு நம்பிக்கையே இல்லப்பா. பயிற்சியில இருபத்தாறு தடவை தாமதம்னு எழுதிட்டாங்க. யாராவது ஓடி வந்தா எனக்கு வண்டிய எடுக்க முடியல. நின்னு கதவத் திறந்துருதேன்."

"ஓடி வாரவங்கள விட்டுட்டுப் போக எப்படிட்டி மனசு வரும்?" என்றார் அவர்.

ஏழாம் நாள் அதிகாரி வந்து பட்டியலைக் கொடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் அவள் பெயர் தெரிந்திருக்கவில்லை. "எங்களுக்காக நிற்கும் அந்தப் பெண் எங்கே?" என்றுதான் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை, சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதியும் ஆவுடையப்பன் பஸ்ஸை எடுக்கவில்லை. தூரத்தில் ஒரு பெண் கூடையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"பொறுடே, அந்தம்மா ஏறட்டும்," என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "இப்படி நின்னுதான் எம்மவ ஜெர்மனியில வேலை வாங்கியிருக்கா."