சிவப்பு ஹெல்மெட்டுக்கு உரியவர்

வெள்ளம் வடிந்த ஊரின் நிவாரண அலுவலகத்துக்காக பிலோமினா கணினியில் டேபிள்கள் போட்டிருந்தாள். முகாம்களில் இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று, சேற்றிலிருந்து எடுத்த பொருட்களுக்கு ஒன்று. மூன்றையும் கோக்க நாலாவதாக ஓர் இணைப்பு டேபிள்: இன்ன பொருள், இன்னாருடையது, அவர் எந்த டேபிளில் இருக்கிறார். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்ற விதியை எழுதியவளும் அவள்தான்.

காலையிலிருந்து ஒழுங்காகத்தான் ஓடியது. ஒரு தையல் மெஷின்கூடத் தன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. அடுத்து வந்தது சிவப்பு ஹெல்மெட். அறுந்த பட்டையில் அவள் கறுப்பு நூலால் போட்ட தையல் அப்படியே இருந்தது. உரியவர் என்ற கட்டத்தில் கணவன் பெயரை அடித்தாள்: தேவசகாயம். எந்த டேபிள் என்று கணினி கேட்டது. முகாம்களை ஒன்பது நாளாக அலசிவிட்டாள். இறந்தவர்கள் டேபிளில் அந்தப் பெயரை ஒருமுறைகூடத் தேடவில்லை. தான் எழுதிய விதியை அழித்தாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து அன்வர் எட்டிப் பார்த்தான். "விதிய எடுத்துட்டீங்களாக்கா? காலியா விட்டா அந்தக் கட்டத்த அப்புறம் யாரு நிரப்புறது?"

ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு வந்து நிரப்பட்டும்."