எட்டு நிறுத்தங்கள்

"அவிநாசி ரெண்டு. அவிநாசி நாலு."

உதட்டருகே வளைந்து நின்ற மைக்கில் அவர் மெல்லச் சொன்னார்.

திரையில் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னே போய் நின்றது.

சரியான சிப்பாய். சரியான கட்டம்.

நாச்சிமுத்துவின் முதல் நகர்த்தல். ஆட்டம் தொடங்கிவிட்டது.

எதிரே சேலத்து லூர்துசாமி. மாற்றுத்திறனாளிகள் சதுரங்கப் போட்டியில் இரண்டு வருடமாகப் பட்டத்தை விட்டுக்கொடுக்காதவர். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, மவுஸைத் தொட்டுத் தன் காயை நகர்த்தினார்.

நாச்சிமுத்துவுக்கு மவுஸ் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் பஸ் கவிழ்ந்தது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொன்னதைக் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் கேட்கும்.

ஆனால் சரியாகக் கேட்காது.

போன மாதம் பயிற்சி ஆட்டத்தில் வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி என்றுதான் பெயர். ராணிக்கு "டி அஞ்சு" என்றார். கம்ப்யூட்டர் காதில் "பி அஞ்சு" என்று விழுந்தது. அந்தக் கட்டத்தில் வந்து நிற்பதை வெட்ட ஒரு கறுப்புச் சிப்பாய் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

ராணி போயிற்று. ஆட்டமும் போயிற்று. வைத்த காயைத் திருப்பி எடுக்க முடியாது.

பி, சி, டி, ஈ, ஜி. அதன் காதுக்கு ஐந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

மறுவாழ்வு மையத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஷெரின்தான் எழுத்துகளைத் தூக்கிப் போட்டாள். எட்டு வரிசைக்கும் எட்டுச் சொல் வேண்டும் என்றாள். கொஞ்சம் நீளமான சொல். ஒன்றுபோல் இன்னொன்று தொடங்கக் கூடாது. ஒன்றுபோல் இன்னொன்று முடியவும் கூடாது. முக்கியமாக, அவசரத்தில் யோசிக்காமல் வாயில் வர வேண்டும்.

பழம் பார்த்தார்கள். பூ பார்த்தார்கள். சாமி பெயர்கூடப் பார்த்தார்கள். அவசரத்தில் அவருக்கே மறந்து போயிற்று.

அவர் மனைவி துளசிமணி சாத்துக்குடி உரித்துக்கொண்டே ஷெரினிடம் சொன்னாள்.

"இருவத்திரெண்டு வருசமா படிக்கட்டுல நின்னுக்கிட்டு எதைக் கத்துனாரோ, அதை வையி கண்ணு."

ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டராக இருந்தவர்.

ஈரோடு முதல் வரிசை. கோயம்புத்தூரில் பஸ் போய் நிற்கும் காந்திபுரம் எட்டாவது. நடுவில், வழியில் இருக்கும் ஊர்கள்.

ஒவ்வொரு பெயரையும் இருபது தடவை சொல்லச் சொன்னாள் ஷெரின். பெருமாநல்லூர், பெருந்துறையோடு முட்டியது. எடுத்தார்கள். தெக்கலூரும் நீலம்பூரும் வாலைப் பிடித்துக்கொண்டன. தெக்கலூர் இறங்கியது.

மிஞ்சிய எட்டும் ஒன்றையொன்று இடிக்காமல் நின்றன.

இன்றுதான் முதல் போட்டி.

"நீலம்பூர் ஒண்ணு. கருமத்தம்பட்டி மூணு."

குதிரை பாய்ந்தது.

பக்கத்து மேஜைகளில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இருபதாவது நகர்த்தல். ராணி பெருந்துறை மூன்றில் நின்றது. போக வேண்டிய இடம் செங்கப்பள்ளி ஐந்து, பழைய டி ஐந்து.

போன மாதம் இதே கட்டத்திலிருந்துதான் கிளம்பியது. இதே கட்டத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

உதட்டை மைக்குக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனார்.

"பெருந்துறை மூணு. செங்கப்பள்ளி அஞ்சு."

ஒரு நொடி திரை அசையவில்லை.

பிறகு ராணி குறுக்கே வழுக்கிக்கொண்டு போனது. செங்கப்பள்ளியில் நின்றது. ராஜாவுக்குச் செக்.

லூர்துசாமி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினார். சிரிப்பைக் கம்ப்யூட்டர் எந்த ஊர் என்று எடுத்துக்கொள்ளுமோ.

அதன் பிறகு அவர் வரிசைகளை நினைக்கவில்லை. ஊர்கள் தானாக வந்தன. குதிரை விழுந்தது. யானைக்கு யானை போனது. ராணிகளும் போயின. பலகை பண்டிகை அன்று மத்தியான பஸ் மாதிரி காலியானது. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இருந்தது.

ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய். முன்னால் தடை எதுவும் இல்லை.

"காந்திபுரம் அஞ்சு. காந்திபுரம் ஆறு."

கறுப்பு ராஜா ஓடி வந்தது.

"காந்திபுரம் ஆறு. காந்திபுரம் ஏழு."

அவர் குரல் ஏறிக்கொண்டே போனது அவருக்குத் தெரியவில்லை. நடுவர் எழுந்து, உதட்டில் விரல் வைக்கப் போனவர், திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

கறுப்பு ராஜா இன்னும் இரண்டு கட்டம் தள்ளி நின்றது. எட்டாது.

ஆஸ்பத்திரியில் மெதுவாகப் பேசிப் பழகியவர் அவர். வீட்டிலும் அப்படியே. இப்போது மூச்சை இழுத்தார். வயிறு ஒத்துழைக்கவில்லை. தொண்டை ஒத்துழைத்தது.

"காந்திபுரம் ஏழு! காந்திபுரம்ம்ம்... எட்டு!"

மண்டபம் முழுக்கக் கேட்டது.

கடைசிக் கட்டத்தில் சிப்பாய் ராணியாக மாறியது. லூர்துசாமி திரையைப் பார்த்தார். தலையை ஆட்டிச் சிரித்தார். தன் ராஜாவைச் சரணடைய வைத்துவிட்டு, கையால் மேஜையைத் தட்டினார்.

நாச்சிமுத்து அதைப் பார்க்கவில்லை.

பழக்க தோஷம். கழுத்தைத் திருப்பி, யார் இறங்குகிறார்கள் என்று பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் துளசிமணி எழுந்து நின்றிருந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். ஒரு கை முன் நாற்காலியின் கம்பியைப் பிடித்திருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம், தினமும் காலையில், அவர் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கிய இடம் காந்திபுரம்.