முப்பத்து மூன்றாவது

லினக்ஸ் கணினியில் மென்பொருள்களை ஏற்றவும் நீக்கவும் சின்னதாக ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தார் தாடிக்காரர். சோதித்துப் பார்ப்பதற்காக ‘பல்’ என்று ஒரு பொய்த் தொகுப்பைச் செய்து, அதில் முப்பத்திரண்டு காலிக் கோப்புகளைப் போட்டார்.

“வேற பேரே கெடைக்கலையா உங்களுக்கு? கருமம்,” என்றாள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

ஏற்றியதும், முப்பத்து மூன்று கோப்புகள் சேர்ந்தன என்றது திரை. கணக்கு உதைக்கிறதே என்று யோசித்தபடி நாக்கைச் சுழற்றினார். மேலண்ணத்தின் நடுவில் புதிதாக ஒரு பல் இருந்தது. வழவழவென்றிருந்தது. அடுத்தவர் எச்சிலின் புளித்த வாடை வாயெல்லாம் பரவியது.

யோசிக்காமல் ‘பல்’ தொகுப்பை நீக்கினார். யார் எதைக் கொண்டுவந்து செருகினாலும், தான் போட்ட கோப்புகளை மட்டுமே நிரல் நீக்க வேண்டும் என்பது அவரே வகுத்த விதி.

முப்பத்திரண்டு நீக்கப்பட்டன என்றது திரை.

“என்னங்க, வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார். கொழகொழத்த வெறும் ஈறுகளுக்கு நடுவே, அண்ணத்தில் அது மட்டும் அசையாமல் இருந்தது.