நாற்பத்தெட்டாம் படிவம்

கொள்கை ஆய்வாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு மணிக்கு அமைச்சர் முன்னால் அறிக்கையை வைத்தாக வேண்டும். இப்போதே மணி மூன்று.

"பக்கத்துக்குப் பக்கம் புள்ளிவிவரம்தான்மா இருக்கு. உயிரே இல்ல!" என்று உதவியாளரிடம் எரிந்து விழுந்தார்.

அரசு ஊழியர்களின் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லும் அறிக்கை அது. ஊழியர் குடும்பங்கள் நிரப்பி அனுப்பிய படிவங்கள் மேசை முழுக்க இறைந்து கிடந்தன.

கைப்பேசியில் 'வீடு' என்று ஒளிர்ந்தது. மனைவி.

"மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டார். காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

"சார், நாற்பத்தெட்டாம் படிவத்தைக் கேளுங்க" என்று உதவியாளர் படித்தாள். "'அவர் தினமும் வீட்டுக்கு வருகிறார். ஆனால், வந்து சேர்வதில்லை.'"

அவர் துள்ளி எழுந்தார். "அடடா! முதல் பக்கத்துலயே போடும்மா. யாரு இந்தம்மா?"

"பேரு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? பேசத் தயார்னு நம்பர் மட்டும் எழுதியிருக்காங்க."

"சொல்லு, சொல்லு. அமைச்சர் முன்னாலயே பேச வச்சிடலாம். பாவம், எந்த மடையன்கிட்ட மாட்டிக்கிட்டாங்களோ!"

அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லச் சொல்ல, அவர் அவசரமாக அழுத்தினார். கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் 'வீடு' என்று வந்தது.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அதிசயமா இருக்கே, நீங்களா கூப்பிடுறீங்க? ஆபீஸ் விஷயம்தானே?"